மூட்டையில் கிடக்கும் வருமானம்

2019 ஆகஸ்ட் 3-ஆம் தேதி இடுக்கி மாவட்டம் புற்றடியில் நடந்த ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய்க்குப் போனது. அதுவரை யாரும் கேள்விப்படாத விலை. ஓரிரு வருஷம் முன்புவரை ஆயிரம் ரூபாய் கிடைத்தாலே விவசாயிகள் திருப்திப்பட்டுக்கொண்ட சரக்கு அது. அன்று வந்த எல்லா மூட்டைக்கும் அந்த விலை கிடைத்துவிடவில்லை. சராசரி அதைவிட வெகுவாகக் குறைவுதான். ஆனாலும் குமுளியிலும் வண்டன்மேட்டிலும், மலைக்கு இந்தப் பக்கம் போடிநாயக்கனூரிலும், பழைய காயை விற்காமல் வைத்திருந்தவர்கள் அந்தச் சீசனில் நன்றாகவே பணம் பார்த்தார்கள்.

ஒரு கேள்வி. இந்தப் பழைய மூட்டைகள் சம்பாதித்துக் கொடுத்த லாபத்தால் இந்தியாவின் மொத்த உள்நாட்டு உற்பத்தி, அதாவது தினமும் பத்திரிகையில் அடிபடும் ஜி.டி.பி., எவ்வளவு உயர்ந்தது?

கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை என்பதுதான் விடை. ஏலக்காய் வியாபாரியிடம் சொன்னால் சிரிப்பார். அவர் வீடு கட்டியிருப்பார், வருமான வரி கட்டியிருப்பார். ஆனால் தேசத்தின் கணக்குப் புத்தகம் அந்தப் பணத்தை வருமானமாகவே பார்க்காது. ஏன் என்று புரிந்துகொண்டால், ஜி.டி.பி. எதை அளக்கிறது, எதை அளக்காமல் விடுகிறது என்பது பாதி விளங்கிவிடும். மீதிப் பாதி பாலக்காட்டு நெல்லில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

ஏலக்காய்ச் செடியில் ஆகஸ்டு வாக்கில் காய் எடுக்க ஆரம்பித்தால் பிப்ரவரி, மார்ச் வரை நாற்பது, நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு முறை எடுத்துக்கொண்டே இருப்பார்கள். பச்சைக் காயை ஸ்டோரில் உலர்த்தினால் சுமார் ஐந்து கிலோவுக்கு ஒரு கிலோ உலர்ந்த காய் தேறும். (ஸ்டோர் என்றால் மலையில் கடை அல்ல, காய் உலர்த்தும் கூடம்.) ஆக, உற்பத்தி நடப்பது ஏழெட்டு மாதங்களில். பாயசத்திலும் பான் மசாலாவிலும் பிரியாணியிலும் அது செலவாவது பன்னிரண்டு மாதமும். உற்பத்திக்கும் செலவுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் காய் எங்கே இருக்கிறது? மூட்டையில்.

ஜி.டி.பி.யைச் செலவுப் பக்கத்திலிருந்து கூட்டுபவர்களுக்கு இந்த மூட்டை பெரிய தலைவலி. மக்கள் வாங்கியது, அரசு செலவழித்தது, தொழிலில் முதலீடு செய்தது, ஏற்றுமதியில் இறக்குமதி போக மிச்சம் – இவற்றைக் கூட்டினால் நாட்டில் உற்பத்தியானதன் மதிப்பு வரவேண்டும். நவம்பரில் உலர்த்திய காய் மே மாதம்தான் விற்கும் என்றால், நவம்பர் கணக்கில் உற்பத்தி இருக்கும், வாங்கியவர் இருக்கமாட்டார். கணக்கு உதைக்கும். எனவே கணக்கர்கள் ஒரு ஏற்பாடு செய்தார்கள்: விற்காத சரக்கை அதை வைத்திருப்பவரே வாங்கிவிட்டதாக வைத்துக்கொள்வது. இதற்குக் கையிருப்பு மாற்றம் என்று பெயர். முதலீட்டின் ஒரு பகுதியாக அது உட்கார்ந்துகொள்ளும். மே மாதம் காய் விற்கும்போது மக்கள் செலவில் கூட்டல் விழும், கையிருப்பில் அதே அளவு கழித்தல் விழும். மே மாதத்து ஜி.டி.பி.யில் வியாபாரிகளின் கமிஷனும் லாரி வாடகையும் மட்டுமே புதிதாகச் சேரும். காய் நவம்பரிலேயே எண்ணப்பட்டுவிட்டது.

கவனிக்க வேண்டிய வார்த்தை ‘மாற்றம்’. கிடங்கில் மொத்தம் எத்தனை மூட்டை என்பது கணக்கில் வராது. வருஷ ஆரம்பத்தில் இருந்ததற்கும் முடிவில் இருந்ததற்கும் உள்ள வித்தியாசம்தான் வரும். வளர்ச்சி விகிதத்துக்குப் போனால் இன்னும் ஒரு படி தாண்டவேண்டும். ஒரு கிடங்கில் போன வருஷம் பத்து மூட்டை கூடியது, இந்த வருஷம் ஆறு மூட்டை கூடியது என்று வைத்துக்கொள்ளுங்கள். இருப்பு உயர்ந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் வளர்ச்சிக் கணக்கில் இது நான்கு மூட்டை இறக்கம். இதனால்தான் ஜி.டி.பி.யில் மிகச் சிறிய பங்கான இந்த வரி, வளர்ச்சி விகிதத்தை இவ்வளவு குலுக்குகிறது. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மோசஸ் ஆப்ரமோவிட்ஸ் 1950-லேயே இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதிவிட்டார்.

இப்போது அந்த 7,000 ரூபாய்க்கு வருவோம். ஒரு வியாபாரி ஆயிரம் ரூபாய் விலையில் 500 கிலோ வாங்கிக் கிடங்கில் போட்டார். விலை 4,000 ஆனது. அவருடைய இருப்பின் மதிப்பு 5 லட்சத்திலிருந்து 20 லட்சமாகிவிட்டது. நாட்டில் ஒரு காய்கூடக் கூடவில்லை. தேசியக் கணக்குகளுக்கு ஐ.நா. வகுத்துள்ள முறைப்படி இது வைத்திருந்ததால் வந்த ஆதாயமே தவிர, உற்பத்தி அல்ல. மூட்டை உள்ளே வரும்போது அன்றைய விலை, வெளியே போகும்போது வெளியேறும் அன்றைய விலை என்று மதிப்பிட்டு, இந்த 15 லட்சத்தை வடிகட்டி எறிந்துவிடுவார்கள். கம்பெனியின் லாப நஷ்டக் கணக்கில் அந்தப் பணம் இருக்கும். தேசத்தின் கணக்கில் இருக்காது. நியாயமான விதிதான். இல்லாவிட்டால் விலைவாசி ஏறும் ஒவ்வொரு வருஷமும் நாடு சும்மாவே பணக்கார நாடாகிவிடும்.

சேமித்து வைப்பதே உற்பத்தியாகும் சந்தர்ப்பங்களும் உண்டு. ஒயினைப் பீப்பாயில் வைத்தால் தரம் கூடுகிறது. அதைக் கணக்கு ஏற்கிறது. அறுவடை முடிந்ததும் மலிவாகவும் பிறகு கிராக்கியாகவும் இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்த பருவகாலப் பொருளைப் பத்திரப்படுத்துவதும் ஒரு சேவை என்று ஒப்புக்கொள்கிறது. ஏலக்காய் இந்த விஷயத்தில் ஒயினுக்கு நேர் எதிர். வைக்க வைக்கப் பச்சை நிறம் வெளுக்கும். வளைகுடாவில் காப்பியில் போடுகிறவர்கள் நிறத்துக்குத்தான் காசு கொடுக்கிறார்கள். அதனால்தான் சாக்குக்குள் கறுப்பு பாலிதீன் உறை போட்டு வெளிச்சம் படாமல் வைக்கிறார்கள். வழக்கமாக ஏற்படும் இப்படிப்பட்ட சேதாரத்தைக் கணக்கு கையிருப்பிலிருந்து கழித்துவிடும்.

வழக்கத்துக்கு மீறிய சேதாரம் என்றால்? இங்கேதான் விவகாரம். 2019 விலை வானத்திலிருந்து குதிக்கவில்லை. 2018 ஆகஸ்டில் பெய்த மழையில் இடுக்கி மலைகள் சரிந்தன. செறுதோணி அணையின் மதகுகளை 26 வருஷத்துக்குப் பிறகு திறந்தார்கள். ஏலத்தோட்டங்கள் மண்ணோடு இறங்கிப்போயின. நின்ற செடிகளில் அழுகல் நோய். தொடர்ந்து வந்த கோடையில் வறட்சி. காய் இல்லாததால்தான் விலை ஏறியது. கீழே பெரியாற்றங்கரைக் கிடங்குகளில் வெள்ளம் புகுந்து நெல்லும் அரிசியும் ஊறிப்போயின. ஜி.டி.பி. இந்த நஷ்டத்தை எப்படிப் பார்த்தது தெரியுமா? பார்க்கவே இல்லை. பேரிடரில் அழியும் கையிருப்பு உற்பத்திக் கணக்குக்குள் நுழையாது. சொத்துகளின் அளவில் ஏற்படும் ‘பிற மாற்றங்கள்’ என்ற தனி ஏட்டுக்குப் போய்விடும். வருஷக்கணக்கில் காய் தரும் ஏலச்செடி இருப்புச் சரக்குகூட அல்ல. இயந்திரத்தைப் போல நிலையான சொத்து. அது மண்ணோடு போனாலும் அதே தனி ஏடுதான். எடுக்க முடியாமல் போன காய் மட்டுமே அடுத்தடுத்த சீசன்களில் குறைவாகப் பதிவாகும். புதிதாகக் கன்று நட்டால் அது முதலீடு, கூட்டல்.

ஆக, ஒரே மலையில் ஒரே வருஷத்தில் நடந்த இரண்டு பெரிய நிகழ்ச்சிகள் – ஒருவர் தோட்டம் போனது, இன்னொருவர் மூட்டை தங்கமானது – இரண்டுமே ஜி.டி.பி.யின் கண்ணில் படவில்லை. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தோட்டம் போனவரிடம் மூட்டை இல்லை. ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் காயை உலர்த்திய கையோடு ஏலத்துக்கோ உள்ளூர்க் கடைக்கோ கொண்டுபோய்விடுவார். உரக்கடைப் பாக்கியும் கூலிப் பாக்கியும் காத்திருக்காது. இருப்பு வைப்பது என்பதே வசதி உள்ளவர்களின் வேலை. இருப்பு யார் கையில் இருந்தது என்று தேசியக் கணக்கு கேட்பதில்லை. அதைத் தனியாகக் கேட்கவேண்டும், கேட்பார் குறைவு.

சரி, மலையில் எவ்வளவு காய் விளைந்தது, எவ்வளவு இருப்பில் உள்ளது என்பதாவது நிச்சயமாகத் தெரியுமா? ஏலப் புள்ளிவிவரம் இருக்கிறதே என்பீர்கள். இந்தியாவில் விளையும் சிறு ஏலக்காயில் பெரும்பகுதி கேரளத்துடையது, அதிலும் இடுக்கியுடையது. நறுமணப் பொருள் வாரியம் 2007 முதல் மின்னணு ஏலம் நடத்துகிறது. போடியிலும் புற்றடியிலும் கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் வியாபாரிகள் உட்கார்ந்து பட்டனைத் தட்டுகிறார்கள். 2021-லிருந்து இந்த இரண்டு ஊர்களில் எதில் உட்கார்ந்தும் அதே ஏலத்தில் கலந்துகொள்ளலாம். ஒவ்வொரு நாளும் எத்தனை கிலோ வந்தது, எத்தனை கிலோ விற்றது, என்ன விலை – எல்லாம் உண்டு.

ஆனால் ரீபூலிங் என்று ஒரு பழக்கமும் உண்டு. ஏலத்தில் வாங்கிய காயை வியாபாரியே மறுபடி ஏலத்துக்குப் பதிவு செய்வது. அதே காய் இரண்டாவது முறை திரையில் வரும், சில சமயம் மூன்றாவது முறையும். சந்தையில் வரத்து அதிகம் போலத் தெரிந்து விலை இறங்குகிறது என்பது விவசாயிகளின் நீண்டநாள் புகார். கணக்கருக்கு இதில் வேறு சங்கடம். ஏலத்தில் கைமாறிய கிலோக்களைக் கூட்டினால் அது விளைச்சல் ஆகாது. ஒரு வியாபாரியின் இருப்பிலிருந்து இன்னொருவரின் இருப்புக்குப் போன மூட்டை, ஒரு பக்கம் கழித்தல், மறு பக்கம் கூட்டல், தேசத்துக்குப் பூஜ்யம். இடையில் கிடைத்த கமிஷன் மட்டும் மிச்சம். எண்கள் நிறைய இருப்பதாலேயே தகவல் இருப்பதாக நினைத்துவிடக்கூடாது.

மூட்டை எல்லை தாண்டும்போது இன்னொரு வேடிக்கை. காய் இடுக்கியில் விளைகிறது; அது கேரளத்தின் உற்பத்தி. போடியில் சலித்து, தரம் பிரித்து, வடக்கே அனுப்பும் வேலையின் வருமானம் தமிழ்நாட்டின் உற்பத்தி. காய் எடுப்பவர்களோ பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பெண்கள். கம்பம், கூடலூர், தேவாரம், போடி பக்கங்களிலிருந்து விடிகாலை ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக மலைக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புகிறார்கள். அவர்களுடைய கூலி கேரளத்தின் உற்பத்தியில் எண்ணப்படுகிறது, தேனி மாவட்டத்து மளிகைக் கடையில் செலவாகிறது. மாநிலக் கணக்குகளைப் பெரும்பாலும் உற்பத்திப் பக்கத்திலிருந்தே போடுகிறார்கள். எனவே எல்லைக்கு அந்தப் பக்கம் விளைந்து இந்தப் பக்கம் கிடக்கும் மூட்டை எந்த மாநிலத்தின் கையிருப்பு என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. தேவிகுளமும் பீருமேடும் யாருக்கு என்று 1956-க்கு முன்னால் போட்ட சண்டையோடு ஒப்பிட்டால் இது நல்ல விஷயம்தான்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக ஏலம் நின்றது. மே கடைசியில்தான் புற்றடியில் மீண்டும் தொடங்கியது. இடையில் இரண்டு மாதம் மூட்டைகள் அப்படியே கிடந்தன. அந்த ஏப்ரல்–ஜூன் காலாண்டில் இந்தியாவின் ஜி.டி.பி. முந்தைய வருஷத்தைவிடச் சுமார் 24 சதவிகிதம் சரிந்தது என்பது தெரிந்ததே. இந்தக் காய் அந்தச் சரிவில் சேராது. அதற்கு முந்தைய மாதங்களிலேயே உற்பத்தியாக எண்ணப்பட்டு, விற்காத இருப்பாகக் கணக்கில் உட்கார்ந்திருந்தது. உரிமையாளர் கையில் காசில்லை, கணக்கில் அவர் ‘முதலீடு’ செய்திருக்கிறார். விரும்பி வைத்த இருப்புக்கும் வேறு வழியில்லாமல் தேங்கிய இருப்புக்கும் கணக்கில் ஒரே நிறம்தான்.

இந்தக் குழப்பம் மலையோடு நிற்பதில்லை. இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளில் 2002-ன் நடுவில் 6 கோடி டன்னுக்கு மேல் தானியம் குவிந்திருந்தது. பத்து வருஷம் கழித்து 2012-ல் 8 கோடி டன்னைத் தொட்டது. வாங்குவோரிடம் காசில்லாமல் தேங்கிய கோதுமையும் பஞ்சத்துக்கென்று பத்திரப்படுத்திய கோதுமையும் புத்தகத்தில் ஒன்றேதான். அமெரிக்காவில் 2025-ன் முதல் காலாண்டில் வேறு கூத்து. டிரம்பின் சுங்க வரி வரப்போகிறது என்று கம்பெனிகள் முன்கூட்டியே சரக்கை இறக்கிக் கிடங்குகளை நிரப்பின. இறக்குமதி ஜி.டி.பி.யிலிருந்து கழிந்தது, கையிருப்பில் கூடியது. ஆனால் இரண்டும் சரிக்குச் சரியாகவில்லை. பொருளாதாரம் லேசாகச் சுருங்கியதாகப் புள்ளிவிவரம் சொன்னது. அடுத்த காலாண்டில் இறக்குமதி விழுந்ததும் வளர்ச்சி 3 சதவிகிதத்துக்கு மேல் என்றது. மூன்று மாத இடைவெளியில் பொருளாதாரம் நிஜமாகவே படுத்து எழுந்துவிட்டதாக நினைப்பதற்கு இல்லை. லாரிகள் துறைமுகத்துக்குப் போன தேதிதான் மாறியது.

நம் ஊரில் பெரிய கம்பெனிகளின் இருப்பு ஓரளவு தெரியும். ஆண்டறிக்கையில் போடுகிறார்கள், தொழிற்சாலைகளுக்கான ஆண்டுக் கணக்கெடுப்பில் தொடக்க இருப்பு, இறுதி இருப்பு இரண்டையும் கேட்கிறார்கள், ரிசர்வ் வங்கி காலாண்டுக்கு ஒரு முறை ஆலைகளிடம் விசாரிக்கிறது. விவசாயி வீட்டுப் பத்தாயமும் சிறு வியாபாரியின் பின்கட்டும் அப்படியல்ல.

மலையை விட்டு வடக்கே இறங்கிப் பாலக்காட்டுக் கணவாய்க்கு வந்தால் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். கேரளத்தின் நெற்களஞ்சியம் என்று குட்டநாட்டோடு சேர்த்துச் சொல்லப்படும் மாவட்டம். சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரமான கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கம் விவசாயிகள் பலருக்கும் தாய்மொழி தமிழ். இங்கே விளையும் நெல்லை மாநில அரசின் சப்ளைகோ நிறுவனம் கொள்முதல் செய்கிறது. செய்கிறது என்றால், சப்ளைகோ ஒப்பந்தம் போட்ட தனியார் ஆலையின் லாரி களத்துக்கு வந்து நெல்லை ஏற்றிக்கொண்டு போகும். விவசாயி கையில் பி.ஆர்.எஸ். என்று எல்லோரும் சொல்லும் ரசீது. அந்த ரசீதைக் காட்டினால் வங்கி பணம் கொடுக்கும் – விவசாயியின் பெயரில் கடனாக. சப்ளைகோ பின்னால் வங்கிக்குக் கட்டித் தீர்க்கும் என்பது ஏற்பாடு. மத்திய அரசிடமிருந்து வரவேண்டியது வரவில்லை, மாநில அரசிடம் பணமில்லை, வங்கிகளோடு உடன்பாடு முடியவில்லை என்று ஒவ்வொரு சீசனிலும் ஏதாவது ஒன்று. 2022-23 கொள்முதலுக்கான பணத்துக்கு விவசாயிகள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அரசு கட்டத் தாமதமானால் வங்கியின் ஏட்டில் கடன்காரர் விவசாயிதான். அடுத்த முறை நகைக்கடனோ பயிர்க்கடனோ கேட்கப் போனால் அது எதிரே வந்து நிற்கும் என்ற பயம் அவர்களுக்கு.

தேசியக் கணக்கில் இந்தக் கதை இரண்டு வரியில் முடிந்துவிடும். நெல் அறுவடையானது: உற்பத்தி. லாரி ஏறியது: விவசாயியின் இருப்பு குறைந்தது, அதே அளவு வாங்கியவர் இருப்பு கூடியது. காசு வந்ததா என்பது உற்பத்திக் கணக்கின் கேள்வியே அல்ல. பொருள் கைமாறிய அன்றே வருமானம் வந்ததாகத்தான் விதி. வராத பணம், வரவேண்டிய பாக்கி என்ற நிதிச் சொத்தாக விவசாயி பெயரில் வேறு ஏட்டில் பதிவாகும். புத்தகத்தின்படி அவர் கொஞ்சம் வசதியான மனிதர்: கையில் சொத்து வைத்திருக்கிறார், அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்திருக்கிறார்.

பாலக்காட்டில் இரண்டாம் போக அறுவடை மார்ச்சில் மும்முரமாக இருக்கும். நிதியாண்டு மார்ச் 31-ஆம் தேதி முடிகிறது. லாரி இன்னும் வராமல் அன்றிரவு களத்திலும் வீட்டுத் திண்ணையிலும் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடக்கும் நெல், குடும்பங்களின் கையிருப்பு என்ற தலைப்பில் அந்த வருஷத்து ஜி.டி.பி.யில் சேரவேண்டும். அதை யாரும் திண்ணை திண்ணையாகப் போய் எடை போடுவதில்லை. எப்போதோ எடுத்த கணக்கெடுப்புகளில் கிடைத்த விகிதங்களை வைத்து டில்லியில் மதிப்பிடுகிறார்கள். ஏப்ரலில் கோடைமழை பிடித்துக்கொண்டால், எந்த நெல் எத்தனை நாள் நனைந்தது, ஈரப்பதம் என்று சொல்லி ஆலைக்காரர் குவிண்டாலுக்கு எத்தனை கிலோ தள்ளிவிட்டார் என்பதெல்லாம் திண்ணைக்காரருக்கு மட்டுமே தெரிந்த விஷயம்.